உஜமா தரும் பாடம்: ஏழை நாடுகளுக்குத் தேவை இரக்கமா, நீதியா?



சமதர்மம், அதாவது சோசலிசம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிடையே இரண்டு விதமான குரல்கள் எழுவதுண்டு. அது கடவுளை மறுப்போரின் கொள்கை, கத்தோலிக்கர் அதன் பக்கம் திரும்பியும் பார்க்கக்கூடாது என்பது ஒரு குரல். தொடக்கத் திருச்சபையில் உடைமைகள் எல்லாம் பொதுவாக இருந்தனவே (காண். திப 2:44), அதைவிடப் பெரிய சமதர்மம் ஏது என்பது மற்றொரு குரல். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஓர் ஏழை நாடு உண்மையாகவே சமதர்மத்தைத் தன் வழியாகத் தேர்ந்துகொண்டால் என்ன நிகழும்? அதுவும் அந்நாட்டின் தலைவர் நாள்தோறும் திருப்பலியில் பங்கேற்ற ஒரு கத்தோலிக்கராக இருந்தால்?

இக்கேள்விக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியா நாடும், அதன் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயும்தான் அந்த விடை. செல்வந்த நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இடையே உள்ள பள்ளம் ஏன் மூடப்படாமலே இருக்கிறது என்பதையும் இந்த வரலாறு நமக்குக் காட்டுகிறது. எனவே அதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ஆசிரியர் தலைவரானார்

நைரேரே 1922ஆம் ஆண்டு, விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே உள்ள புத்தியாமா என்ற சிற்றூரில் ஓர் இனக்குழுத் தலைவரின் மகனாகப் பிறந்தார். 1943இல் திருமுழுக்குப் பெற்று ஜூலியஸ் என்ற பெயரை ஏற்றார். உகாண்டாவின் மக்கெரேரே கல்லூரியிலும், பின்னர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பயின்றார். கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். அதனால்தான் அந்நாட்டு மக்கள் அவரைக் கடைசிவரை 'முவாலிமு', அதாவது ஆசிரியர் என்றே அன்போடு அழைத்தனர்.

1961 டிசம்பர் 9 அன்று அந்நாடு ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றது. அப்போது அதன் பெயர் தாங்கனிக்கா. 1964இல் சான்சிபார் தீவுகளோடு இணைந்து தான்சானியா ஆனது. விடுதலையின்போது அந்நாட்டு மக்களிடையே இருந்த மருத்துவர்களையும் பொறியாளர்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். முதியோரில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். சிசல் எனப்படும் கற்றாழை நார், காப்பிக்கொட்டை, பருத்தி, முந்திரிக்கொட்டை ஆகியவற்றை வெளிநாடுகளுக்கு விற்று, வேண்டிய பொருள்களை எல்லாம் வெளிநாடுகளிலிருந்தே வாங்கிய நாடு அது. கொடி மாறியதே ஒழிய, இந்த ஏற்பாடு மாறவில்லை.

1967: ஒரே ஆண்டில் இரண்டு ஆவணங்கள்

1967 பிப்ரவரி 5 அன்று 'அருஷா அறிக்கை' வெளிவந்தது. தான்சானியாவின் வழி 'உஜமா' என்று அது அறிவித்தது. சுவாகிலி மொழியில் இச்சொல்லுக்குக் குடும்ப உறவு என்று பொருள். ஒரு குடும்பத்தில் எல்லாரும் உழைத்து, எல்லாரும் பகிர்ந்துண்பது போல ஒரு நாடும் வாழவேண்டும் என்பதே அதன் கருத்து. மார்க்சியம் கூறிய வர்க்கப் போராட்டத்தை நைரேரே தம் சமதர்மத்துக்கு அடித்தளமாகக் கொள்ளவில்லை. குடும்பத்தையே அடித்தளமாகக் கொண்டார்.

அந்த அறிக்கையின் இரண்டு கூறுகள் இன்றும் நம் கவனத்துக்கு உரியவை. முதலாவது, தலைவர்களுக்கு விதித்த கட்டுப்பாடு. கட்சியிலும் அரசிலும் பொறுப்பு வகிப்போர் நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கக்கூடாது. இரண்டு சம்பளம் பெறக்கூடாது. வீடு கட்டி வாடகைக்கு விடக்கூடாது. இரண்டாவது, தற்சார்பு. பிறர் தரும் பணத்தை நம்பி ஒரு நாடு முன்னேற முடியாது; அன்பளிப்பும் கடனும் மிகுந்தால் விடுதலையே பறிபோகும்; மக்களும் நிலமும் உழைப்புமே உண்மையான மூலதனம் என்று அது தெளிவாகக் கூறியது. ஏழை நாடுகள் என்றால் கையேந்துபவை என்று எண்ணுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு மார்ச் 26, உயிர்ப்புப் பெருவிழா அன்று, திருத்தந்தை ஆறாம் பவுல் 'மக்களின் முன்னேற்றம்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே இருந்த சமூகச் சிக்கல் இப்போது நாடுகளுக்கு இடையே உலகளாவிய சிக்கலாகிவிட்டது என்பதே அதன் மையச் செய்தி. ஏழு வார இடைவெளியில் வெளிவந்த இவ்விரு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் பிறகு நடந்தது நமக்கு விளங்கும்.

கைகூடிய நன்மைகள்

உஜமா முழுவதும் தோல்வி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மைக்கு மாறானது. தொடக்கக் கல்வி நாடெங்கும் பரவியது. 1970களின் இறுதிக்குள் பள்ளி வயதுப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். முதியோர் கல்வி இயக்கத்தால் தாத்தா பாட்டியரும் எழுத்துக் கற்றனர். சிற்றூர்களில் மருந்தகங்களும் குடிநீர்க் குழாய்களும் வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாட்டில் சுவாகிலி பொதுமொழியானது. சுற்றிலும் உள்ள பல நாடுகள் இனப் போர்களில் சிதைந்தபோது, தான்சானியப் பெருநிலம் அப்படிப்பட்ட போரைச் சந்திக்கவில்லை. அண்டை நாடுகளிலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கு அது அடைக்கலமும் தந்தது.

திருச்சபையும் இம்முயற்சியை அக்கறையோடு நோக்கியது. ருலெங்கே மறைமாவட்ட ஆயர் கிறிஸ்டோபர் முவொலெக்கா, தாமே ஓர் உஜமா சிற்றூருக்குச் சென்று மக்களோடு வாழ்ந்து உழைத்தார்.

உள்ளே நேர்ந்த தவறு

அப்படியானால் எங்கே தவறியது? முதல் விடை நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தொடக்கத்தில் மக்கள் விரும்பினால் உஜமா சிற்றூரில் சேரலாம் என்றிருந்தது. சேர்ந்தவர்கள் குறைவு. 1973இல் அரசு பொறுமை இழந்தது. 1976க்குள் ஊரக மக்கள் அனைவரும் திட்டமிட்ட சிற்றூர்களில் குடியேற வேண்டும் என்று ஆணையிட்டது. குறைந்தது ஐம்பது இலட்சம் பேர் இடம் பெயர்க்கப்பட்டனர். மறுத்தவர்களின் குடிசைகள் சில இடங்களில் கொளுத்தப்பட்டன. குடும்பம் என்று பெயரிட்ட திட்டம் காவலர்களின் துணையோடு நடந்தேறியது.

விளைவை அறிய முந்திரி ஒன்றே போதும். முந்திரி மரம் ஆண்டுக்கணக்கில் நின்று பலன் தருவது. அதன் அடியைச் செத்தை நீக்கிக் காத்து, விழும் கொட்டையைப் பொறுக்க ஆள் அருகே இருக்கவேண்டும். புதிய சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்ட உழவர்களுக்கும் அவர்களுடைய மரங்களுக்கும் இடையே பல கல் தொலைவு ஏற்பட்டது. போதாததற்கு அரசு வாரியங்கள் கொடுத்த விலை மிகக் குறைவு. மரங்களைச் சாம்பல் நோயும் தாக்கியது. 1973-74இல் சுமார் 1,45,000 டன் விளைந்த நாட்டில், 1986-87இல் 20,000 டன்கூடக் கிடைக்கவில்லை. இதற்கிடையே உலக வங்கியிடம் கடன் பெற்று முந்திரி ஆலைகள் பல கட்டப்பட்டிருந்தன. உடைக்கக் கொட்டை இல்லாமல் அவை பெரும்பாலும் மூடிக் கிடந்தன. ஆனால் கடன் மட்டும் மூடிக் கிடக்கவில்லை.

1976இல் உழவர்களின் கூட்டுறவுச் சங்கங்களையும் அரசு கலைத்தது. உழவர்கள் தாங்களே கட்டி வளர்த்த சங்கங்கள் அவை. அவற்றின் இடத்தில் வந்த அரசு வாரியங்கள் காலம் தாழ்த்திப் பணம் தந்தன. கூட்டுறவையும் உள்ளாட்சியையும் கலைத்தது தவறு என்று நைரேரே பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஒரே கட்சி ஆட்சியும், விசாரணை இன்றிச் சிறைவைக்கும் சட்டமும் இருந்த நாட்டில், இது தவறு என்று உரிய காலத்தில் உரக்கச் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

வெளியிலிருந்து விழுந்த அடி

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், சமதர்மம் நாட்டைக் கெடுத்தது என்று கூறி நாம் எழுந்துவிடலாம். ஆனால் இரண்டாவது விடை ஒன்று உண்டு. அது நாட்டுக்கு வெளியே இருக்கிறது.

நைரேரே அடிக்கடி ஒரு கணக்கைச் சொல்வார். 1965இல் ஒரு டிராக்டர் வாங்க, தான்சானியா சுமார் 17 டன் சிசல் நார் விற்றால் போதும். 1972இல் அதே டிராக்டருக்கு 42 டன் விற்கவேண்டியிருந்தது. உழவர் சோம்பிவிட்டாரா? இல்லை. நிலம் சுருங்கிவிட்டதா? இல்லை. செல்வந்த நாடுகளில் செயற்கை இழைகள் வந்ததால் நாரின் விலை சரிந்தது. டிராக்டரின் விலையோ ஏறிக்கொண்டே போனது. இரண்டு விலைகளுள் ஒன்றைக்கூட முடிவுசெய்யும் ஆற்றல் தான்சானியாவுக்கு இல்லை. இரண்டு மடங்குக்கு மேல் உழைத்தாலும் பழைய இடத்தில்தான் நிற்கவேண்டும் என்ற நிலை இது.

காப்பியின் கதையும் இதுவே. விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் செய்துகொண்ட பன்னாட்டு உடன்பாடு ஒன்று, ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்து விலையைத் தாங்கிப் பிடித்தது. 1989இல் அந்த ஏற்பாடு முறிந்தது. விலை பாதியாகச் சரிந்தது. ஒரு காப்பிச் செடிகூட வளராத ஜெர்மனி, பச்சைக் கொட்டையை வாங்கி, பதப்படுத்தி, வறுத்து, பெரும் காப்பி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக விளங்குகிறது. கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் அதைப் பறிக்கும் குடும்பத்துக்குக் கிடைப்பதோ கோப்பை விலையில் சிறு துளி.

எருசலேமின் வழிபாட்டுக்குப் பெருங்காணிக்கை செலுத்துவோரைவிட, சரியான தராசைப் பிடிப்போரே மேலானவர் என்பது இறைவாக்கினரின் நெடுநாள் போதனை. மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, ஏழையைக் காசுக்கு வாங்கும் வணிகரை ஆமோஸ் கண்டித்தார் (காண். ஆமோ 8:4-6). இன்று அந்தத் தராசு கடைத்தெருவில் மட்டும் இல்லை. கடல் கடந்த சந்தைகளிலும் இருக்கிறது.

கடன் என்னும் கண்ணி

1970களில் வறட்சியும் எண்ணெய் விலை உயர்வும் தான்சானியாவைத் தாக்கின. 1978இல் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன் படையெடுத்தார். அவரை எதிர்த்து நடந்த போர் கருவூலத்தைக் காலி செய்தது. கடன் கேட்டபோது பன்னாட்டு நாணய நிதியம் நிபந்தனைகளை நீட்டியது: நாணய மதிப்பைக் குறை, அரசின் செலவைக் குறை, மானியத்தை நிறுத்து. இந்த நிதியம் எப்போது பன்னாட்டு நிதி அமைச்சகமாக மாறியது என்று 1980இல் நைரேரே வெளிநாட்டுத் தூதர்களைப் பார்த்துக் கேட்டார்.

இக்கேள்வி வெறும் கோபம் அன்று. அந்த நிதியத்தில் நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற முறை இல்லை. பணத்துக்கு ஏற்ப வாக்கு. அமெரிக்கா ஒன்றின் கையில் மட்டும் ஏறக்குறைய 16.5 விழுக்காடு வாக்குகள் உள்ளன. முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு தேவை என்பதால், அந்த ஒரு நாடு மறுத்தால் எதுவும் நகராது.

1985இல் நைரேரே தாமாகவே குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஆப்பிரிக்காவில் அன்று அது அரிய செயல். அடுத்த ஆண்டு தான்சானியா நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்றது. நாளடைவில் பள்ளிகளில் கட்டணம் வந்தது. பிள்ளைகளின் சேர்க்கை குறைந்தது. தாம் கட்டிய பள்ளிகள் வெறுமையாவதை அந்த ஆசிரியர் தம் வாழ்நாளிலேயே கண்டார். கந்துவட்டிக்காரருக்குக் கட்டுவதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் குடும்பங்களை நாம் அறிவோம். ஒரு நாடே அந்நிலைக்கு வந்தது.

பதவி விலகிய பிறகும் அவர் ஓயவில்லை. வளரும் நாடுகளின் நிலையை ஆராய்ந்த 'தெற்கு ஆணையத்தின்' தலைவராக இருந்தார். அதன் பொதுச் செயலராக அவரோடு பணியாற்றியவர், பின்னாளில் நம் நாட்டின் பிரதமரான மன்மோகன் சிங். 1999 அக்டோபர் 14 அன்று நைரேரே இறந்தார். அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்துவதற்கான பணிகளை அவருடைய சொந்த மறைமாவட்டமான முசோமா தொடங்கியது. 2005 முதல் அவர் 'இறை ஊழியர்' என அழைக்கப்படுகிறார். அவருடைய பொருளாதாரக் கொள்கைக்குத் திருச்சபை தந்த சான்றிதழாக இதைக் கொள்ளக்கூடாது. எளிமையும் நேர்மையும் கொண்ட அவருடைய வாழ்வே இங்கு நோக்கப்படுகிறது.

திருச்சபை என்ன கற்பிக்கிறது?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். கத்தோலிக்கர் சமதர்மத்தை ஏற்கலாமா?

1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தனியுடைமையை ஒழிக்கும் சமதர்மத்தை மறுத்தார். ஆனால் அதே மடலில் மற்றொன்றையும் கூறினார். பட்டினிக்கு அஞ்சித் தொழிலாளி குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டால், ஒத்துக்கொண்டார் என்பதாலேயே அந்தக் கூலி நியாயமாகிவிடாது. 1967இல் ஆறாம் பவுல் இதே அளவுகோலை நாடுகளுக்குப் பொருத்தினார். வலிமையில் மிகவும் ஏற்றத்தாழ்வு உள்ள இரு நாடுகள் செய்துகொள்ளும் வணிகம், இரு தரப்பும் கையெழுத்திட்டது என்பதால் மட்டும் நீதியானதாகிவிடாது. பதினேழு டன் நாற்பத்திரண்டு டன்னாக மாறிய கணக்கை அளக்க இதைவிடச் சிறந்த கோல் இல்லை.

அதே மடலில் ஆறாம் பவுல் மறுபக்கத்துக்கும் எச்சரிக்கை விடுத்தார். அனைத்தையும் அரசே எடுத்துக்கொண்டு, மக்களின் சுதந்திரத்தை நசுக்கித் திட்டமிடுவது ஆபத்து என்றார். 1931இலேயே பதினோராம் பயஸ், சிறிய குழுக்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று கற்பித்திருந்தார். கலைக்கப்பட்ட கூட்டுறவுகளையும் கைவிடப்பட்ட முந்திரி மரங்களையும் எண்ணிப் பார்த்தால் அந்த எச்சரிக்கையின் பொருள் புரியும். 1991இல் இரண்டாம் ஜான் பால், மார்க்சியம் வீழ்ந்ததால் கட்டுப்பாடற்ற முதலாளித்துவம் வென்றுவிட்டது என்று எண்ணவேண்டாம் என்றார். மக்களைப் பட்டினியில் தள்ளிக் கடனைக் கறப்பது முறையன்று என்றும் கற்பித்தார்.

ஆகவே விடை இதுதான்: ஏற்றத்தாழ்வைக் கண்டு எழும் சமதர்ம ஆர்வத்தை நாம் மதிக்கலாம். மனிதரை அரசின் கருவியாக்கும் அமைப்பை நாம் ஏற்க முடியாது. நாட்டுக்குள் நீதி இல்லாமல் நாடுகளுக்கிடையே நீதி கேட்பது பாதி உண்மை. நாடுகளுக்கிடையே நீதி செய்யாமல், ஏழை நாடுகள் ஊழலையும் சோம்பலையும் விட்டால் போதும் என்று உபதேசிப்பதும் பாதி உண்மையே.

யூபிலி: பழைய சட்டம், இன்றைய தேவை

ஐம்பதாம் ஆண்டில் இழந்த நிலம் உரியவருக்குத் திரும்பட்டும், அடிமைப்பட்டவர் வீடு திரும்பட்டும் என்று லேவியர் நூல் 25ஆம் பிரிவு விதித்தது. உழைக்காதவருக்குக் காட்டிய சலுகையாக அதைக் காணக்கூடாது. ஒரு தலைமுறையின் கடன் அடுத்த தலைமுறையின் சங்கிலியாகக் கூடாது என்ற நீதி அது. 1994இல் இரண்டாம் ஜான் பால், 2000ஆம் ஆண்டு யூபிலியை ஏழை நாடுகளின் கடனைக் குறைக்கும் காலமாக்கும்படி வேண்டினார். 1998 மே மாதம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செல்வந்த நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சாதாரண பங்குமக்கள். 2001இல் தான்சானியாவின் கடனில் பெரும்பகுதி நீக்கப்பட்டது. அதே ஆண்டு தொடக்கப் பள்ளிக் கட்டணமும் நீக்கப்பட்டது. இலட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர். இறைமக்களின் குரல் வீண்போகாது என்பதற்கு இது சான்று.

ஆனால் பள்ளம் மீண்டும் ஆழமாகிறது. கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 340 கோடி மக்கள் வாழ்வதாக ஐக்கிய நாடுகளின் வணிக, வளர்ச்சி அமைப்பு 2025இல் தெரிவித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் தம் இறப்புக்கு முன், 2025 யூபிலி ஆண்டுக்கென விடுத்த அழைப்புகளில், திருப்பிச் செலுத்தவே முடியாத நாடுகளின் கடனை மன்னிக்கும்படி மீண்டும் வேண்டினார்.

நம் பங்கு என்ன?

இதெல்லாம் தொலைநாட்டுக் கதை என்று எண்ணவேண்டாம். தான்சானியாவின் முந்திரிக்கொட்டையைப் பல்லாண்டுகளாகப் பெருமளவில் வாங்கிவந்த நாடு இந்தியா. ஆப்பிரிக்கக் கொட்டையைக் கொல்லத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உடைத்துத் தோல் உரிப்பவர்கள் நம் சகோதரிகள். அங்கே மரத்தடியில் பொறுக்கும் கைகளுக்கும், இங்கே உரிக்கும் கைகளுக்கும், கிறிஸ்மஸ் பலகாரத்தில் முந்திரி போடும் நம் கைகளுக்கும் இடையே ஒரே சங்கிலிதான் ஓடுகிறது. அதன் இரு முனைகளிலும் கூலி நியாயமா என்று கேட்பது நம் கடமை.

செல்வரும் இலாசரும் உவமையில் (லூக் 16:19-31) அந்தச் செல்வர் இலாசரை அடித்ததாகவோ அவரிடம் திருடியதாகவோ நற்செய்தி கூறவில்லை. வாசலில் கிடந்தவரைக் காணாமல் வாழ்ந்தார், அவ்வளவே. தவக்காலத்தில் நாம் செலுத்தும் காணிக்கை நல்லது, அதை நிறுத்தவேண்டாம். ஆனால் நியாயமான விலையைத் தராமல் காணிக்கை மட்டும் தருவது, கூலியைப் பிடித்துக்கொண்டு தீபாவளி இனாம் தருவது போன்றது.

இந்த மாத அன்பியக் கூட்டங்களில் இவற்றைக் குறித்துப் பேசுவோம்:

1. ஏழைகளும் ஏழை நாடுகளும் சோம்பலால்தான் ஏழ்மையில் இருக்கின்றன என்று நாம் பேசியதுண்டா? சிசல் நாரின் கணக்கு அதற்கு என்ன பதில் தருகிறது?

2. நம் பங்கிலும் குழுக்களிலும் நன்மை செய்கிறோம் என்ற பெயரில், மக்களைக் கேளாமலே முடிவெடுக்கிறோமா?

3. நம்மிடம் வேலை செய்வோருக்கு நாம் தருவது, அவர்கள் வேறு வழியின்றி ஒத்துக்கொண்ட கூலியா, அவர்கள் குடும்பம் வாழப் போதுமான கூலியா?

உலகச் சந்தையின் தராசை நாம் தனியாகத் திருத்த முடியாது. நம் கையில் உள்ள தராசை இன்றே திருத்தலாம். அப்படித் திருத்தியவர்கள் கைகோக்கும்போது பெரிய தராசும் அசையும் என்பதை 2000ஆம் ஆண்டு யூபிலி நமக்குக் காட்டியிருக்கிறது. அனைவருக்கும் தந்தையான இறைவன், அனைவரையும் ஒரே குடும்பமாகக் காணும் கண்களை நமக்குத் தருவாராக.